அரளி இலைக் குழி முழுசாக வந்துவிட்டது

நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக நேற்று மாலை அரளி இலையை மெல்லிய சீவலாக வெட்டினேன். அந்த வெட்டில் இலைத்துளைக் குழி ஒன்று, அதாவது இலை மூச்சுவிடும் நுண்துளைகள் ஒளிந்திருக்கும் கீழ்ப்பக்கப் பள்ளம், முழுசாகக் கிடைத்தது. சுவர் கிழியவில்லை, மடிப்பு இல்லை, உள்ளே இருக்கும் மயிர்கள்கூட அப்படியே நிற்கின்றன. 40 மடங்கு லென்ஸில் வைத்ததும் வீட்டில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

அரளியை வெட்டியவர்களுக்கு அதன் முரண்டு தெரியும். மேல்தோல் தோல்பை மாதிரி விறைப்பு, நடு நரம்பு கட்டை, இடையில் இருக்கும் திசுவோ மெத்தென்று நசுங்குகிறது. பிளேடு மேல்தோலைக் கடந்து மென்மையான பகுதிக்குள் நுழைந்ததும் சட்டென்று வேகம் பிடித்து, கீழ்ப்பக்கக் குழியைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். நமக்கு வேண்டியதே அந்தக் கீழ்ப்பக்கம்தான்.

இதற்குத் தீர்வு இலையைப் பிடித்துக்கொள்ளும் பொருளில் இருக்கிறது. கேரட் நல்ல பிடி தருகிறது, ஆனால் அதன் துணுக்குகள் வெட்டோடு கலந்து, பொறுக்கி எடுப்பதற்குள் பொறுமை போய்விடும். உருளைக்கிழங்கின் மாவுச்சத்து தண்ணீரையே கலக்கிவிடுகிறது. பப்பாளிக் காம்பு குழைந்துவிடும். இப்போது நான் நெட்டியை (நீரில் வளரும் ஒரு செடியின் மெத்தென்ற வெள்ளைத் தண்டு) தவிர வேறு எதையும் தொடுவதில்லை. காய்ந்த நெட்டித் துண்டை நெடுக்கில் பிளந்து, உள்முகத்தை விரலால் லேசாக அழுத்தி, சில மில்லிமீட்டர் அகலத்தில் நறுக்கிய இலைத்துண்டை நடுவில் வைத்து மூடி, தண்ணீரில் நனைக்க வேண்டும். அழுத்திய இடம் ஊறி உப்பி இலையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பிளேடு நெட்டி, இலை, நெட்டி என்று ஒரே சீராகக் கடக்கிறது. துள்ளல் இல்லை.

நெட்டியையே வெட்டிப் பார்த்தீர்களா? தண்டின் உட்சோறு, அதாவது நடுவில் இருக்கும் மென்திசு என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அந்த வெள்ளைப் பகுதி அந்தச் செடியின் கட்டை, அதாவது தண்டு பருக்கும்போது உருவாகும் நீர் கடத்தும் திசு (இரண்டாம்நிலை சைலம்). நடுவில் இருக்கும் அசல் உட்சோறு மிகச் சிறியது. நீரில் வளரும் செடி என்பதால் மெல்லிய சுவருள்ள செல்கள், உள்ளே காற்று. மாட்டுப் பொங்கலுக்கு விற்கும் நெட்டி மாலையை இதற்கு வாங்காதீர்கள். சாயம் கரைந்து வெட்டில் ஏறிவிடும். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் நெட்டி வேலை செய்பவர்களிடம் சாயமேற்றாத கழிவுத் துண்டுகள் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை.

பிளேடு: சவரக் கடையில் பாதியாக உடைத்துப் போடும் மெல்லிய பிளேடு அரளிக்கு வளைகிறது. முதுகில் தகடு வைத்த ஒருபக்கப் பிளேடுதான் சரி. பிளேடும் நெட்டியும் எப்போதும் ஈரமாக இருக்கட்டும். ரம்பம் போல முன்னும் பின்னும் அறுக்கக் கூடாது. சாய்வாக ஒரே இழுப்பு. வெட்டு முழு வட்டமாக வர வேண்டும் என்று அடம்பிடிக்கவும் வேண்டாம். ஒரு ஓரம் தடித்து மறு ஓரம் கண்ணுக்கே தெரியாமல் மெலிந்துபோகும் வெட்டில், அந்த மெலிந்த ஓரத்தில்தான் புதையல் இருக்கும். நேற்றுக் கிடைத்ததும் அப்படிப்பட்ட ஓரம்தான்.

சஃப்ரனின் என்னும் சிவப்புச் சாயம் ஏற்றிக் கழுவி, கிளிசரினில் வைத்தேன். மேலே தடித்த கியூட்டிகிள், அதாவது மெழுகுப் படலம். அதன் கீழ் ஒற்றை அடுக்காக இல்லாமல் பல அடுக்குப் புறத்தோல். பிறகு வெயிலை வாங்கிச் சமைக்கும் பாலிசேட் செல்கள், நெருக்கியடித்து நிற்கின்றன. மேற்பக்கத்தில் ஒரு இலைத்துளைகூட இல்லை. எல்லாம் கீழே, குழிகளுக்குள். குழிச் சுவரில் மயிர்கள், மயிர்களுக்கு இடையே சற்றே மேடாக நிற்கும், துளையைத் திறந்து மூடும் காப்புச் செல்கள். இலையிலிருந்து வரும் ஈரக் காற்று மயிர்களுக்குள் தங்குகிறது. வெளியே அடிக்கும் அனல்காற்று அதை நேராக வாரிக்கொண்டு போக முடியாது. நான்குவழிச் சாலையின் நடுத்திட்டில், இருபுறமும் தார் கொதிக்க, லாரிக் காற்று அறைய, இந்தச் செடி பூத்துக் குலுங்குகிறதே, அந்தத் தெம்பில் பெரும்பங்கு இந்தக் குழிகளுடையது. குழி இலையின் பருமனுக்குள் ஆழமாக ஏறியிருப்பதைப் பார்க்கும்போது, கார்பன் டை ஆக்சைடு சமைக்கும் செல்களை எட்ட வேண்டிய தூரமும் குறையும் என்று தோன்றுகிறது.

அரளிச் சாறு நஞ்சு. சமையலறைக் கத்தி, தட்டு எதையும் இதற்கு எடுக்காதீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், துணுக்குகளை ஆடு மாடு எட்டாத இடத்தில் புதையுங்கள்.

நிரந்தர ஸ்லைடு இன்னும் செய்யவில்லை. படிப்படியாகச் செறிவு கூடும் ஆல்கஹாலில் வைத்து நீரை வெளியேற்ற வேண்டும். அதற்குள் வெட்டின் மேல் மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப் பிரச்சினை. ஒரு கடையில் வாங்கிய பெட்டி முழுவதும் ஈரம் கோத்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிறது, பிரித்தால் நொறுங்குகிறது. காசு கொடுத்து வாங்கும் பொருளை இப்படியா வைத்திருப்பார்கள்! இப்போதைக்கு ஓரங்களில் நகப்பூச்சு தடவி மூடி வைத்திருக்கிறேன்.

இதை முடிப்பதற்குள் மனம் ஆலிலைக்குத் தாவிவிட்டது. அதன் புறத்தோலில் சில பெரிய செல்களுக்குள் கால்சியம் கார்பனேட் திராட்சைக் கொத்தாகத் தொங்கும். வினிகர் ஒரு சொட்டு விட்டால் குமிழி விட்டுக் கரையும். அதற்கடுத்து அல்லி இலை. அரளிக்கு நேர் எதிர்: இலைத்துளைகள் மேற்பக்கத்தில், உள்ளே பெரிய காற்றறைகள், அவற்றுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நட்சத்திர வடிவ ஸ்கிளீரைடுகள் (தடித்த சுவருள்ள கடின செல்கள்). அவ்வளவு மென்மையான இலையை நெட்டி நசுக்காமல் பிடிக்குமா என்பதுதான் கேள்வி. அல்லி வெட்டிய அனுபவம் யாருக்காவது இருந்தால், எதில் வைத்து வெட்டினீர்கள் என்று சொல்லுங்கள்.