வயல் மடை அகலத்துக்குத்தான் தண்ணீர் பாயும்

120 அடி நீளம், 60 அடி அகலமுள்ள வயல் எத்தனை மா? தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நிலத்தை அளக்கும் மாவும் குழியும் வீட்டில் புழங்கும் சொற்கள். இருந்தும் இந்தக் கணக்கில் பாதி வகுப்பு திணறும்.

தெரிந்தவருக்கு மூன்றே வரி. பெருக்கினால் 7,200 சதுர அடி. ஒரு குழி 144 சதுர அடி என்பதால் 50 குழி. 100 குழி ஒரு மா, ஆக அரை மா. புதிதாகப் படிக்கும் பிள்ளையோ இரண்டு அளவு, 144, 100, எங்கே பெருக்குவது, எங்கே வகுப்பது என எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மனத்தில் தாங்க வேண்டும். மனம் ஒரே சமயத்தில் சுமார் நான்கு விஷயங்களைத்தான் பிடித்துவைக்கும் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001இல் எழுதினார். ஆற்றில் கரைபுரண்டாலும் வயலுக்கு வருவது மடை கொள்ளும் தண்ணீர்தானே.

அதனால் முதல் கணக்கை ஆசிரியரே மூன்று வரியும் போட்டுக் காட்டட்டும். இரண்டாவதில் கடைசி வரியை மட்டும் காலியாக விடுங்கள். மூன்றாவதில் கடைசி இரண்டு வரிகள். நான்காவது முழுக்கப் பிள்ளைகளுடையது. அதுவரை முதல் கணக்கைப் பலகையிலிருந்து அழிக்கவே கூடாது. பலர் சறுக்குவது இங்கேதான். அளவுகளைப் படத்தின் வரப்பு ஓரத்திலேயே எழுதுங்கள். படம் ஒரு மூலை, எண்கள் ஒரு மூலை என்றால் தேடுவதிலேயே கவனம் போய்விடும். பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்கும்போது பேசவும் வேண்டாம். ஏற்கெனவே போடத் தெரிந்தவர்களுக்கு நேராக நான்காவது கணக்கைக் கொடுங்கள். தெரிந்ததையே வரிவரியாகக் காட்டினால் அவர்களுக்கு அது இடைஞ்சல்.

கண்ணால் கற்பவர், காதால் கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரிக்கும் பயிற்சிகளுக்கு நேரம் செலவிட வேண்டாம் என்பேன். உளவியலாளர் ஹரோல்ட் பாஷ்லரும் உடன் ஆய்ந்தவர்களும் 2008இல் அலசிப் பார்த்து, அப்படிப் பிரித்து நடத்துவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றார்கள். வயல் படம் எல்லாருக்கும் வேண்டும், விளக்கமும் எல்லாருக்கும் வேண்டும்.

“புரிஞ்சுதா?” என்று கேட்டால் “புரிஞ்சுது சார்” என்று வகுப்பே ராகம் பாடும். அதை நம்பாதீர்கள். மறுநாள் முதல் ஐந்து நிமிடம், நோட்டை மூடிவைத்து, எண்ணை மாற்றி ஒரே ஒரு கணக்கு. எல்லாரும் சிலேட்டில் எழுதி ஒரே சமயத்தில் தூக்கிக் காட்டட்டும். எத்தனை குழி என்று மட்டும் எழுதி நிறுத்தியவர் மாவுக்கு வராமல் நின்றுவிட்டார். அவருக்குக் கடைசி வரி மட்டும் போதும். சதுர அடியை நேராக நூறால் வகுத்தவருக்குக் குழி என்றால் என்ன என்பதே பிடிபடவில்லை. தரையில் 12 அடிக்கு 12 அடி சுண்ணாம்புக் கோடு போட்டு, அவரை அதற்குள் நிற்க வையுங்கள்.