இன்ஜின் வாங்கினேன், ஃப்ளைவீல் வாங்க மறந்தேன்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. வாடகைக்கு எடுத்த கிரேனில், என் பழைய ரோட்ஸ்டர் காரில் போட வாங்கிய 1.8 லிட்டர் இன்ஜின் தொங்கிக்கொண்டிருக்கிறது. பழைய 1.6 இன்ஜினிலிருந்து கழற்றிய ஃப்ளைவீலை (கிளட்ச் உட்காரும் கனத்த சக்கரம்) அதன் பின்னால் பூட்டி, ஆறு போல்ட்டையும் முறுக்கியாகிவிட்டது. புதுக் கிளட்சைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துப் பார்க்கிறேன், அதை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் உட்கார மாட்டேன் என்கிறது. ஒரு பக்கம் ஓட்டை பொருந்தினால் எதிர்ப்பக்கம் தள்ளிப்போகிறது. திருப்பி வைத்தேன். துடைத்து வைத்தேன். உதவிக்கு வந்திருந்த மதுரைக்கார அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “என்ன தம்பி, மண்டபம் புடிச்சாச்சு, பந்தி போட்டாச்சு, பொண்ணு அளவுக்குத் தாலி இல்லையா?”

பழைய ஃப்ளைவீல் 1.6க்கு உரியது, 200 மி.மீ. கிளட்ச்சுக்காகச் செய்தது. நான் வாங்கியிருந்தது 1.8க்கான 215 மி.மீ. கிளட்ச். பதினைந்து மில்லிமீட்டர். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வார இறுதியும், கிரேனுக்கு நாலு நாள் கூடுதல் வாடகையும், இன்னொரு பழைய பார்ட்ஸ் கடைக்காரரிடம் தொண்ணூறு பவுண்டும் ஆயின. அந்த எரிச்சல் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும்.

கார் 1990 யூனோஸ் ரோட்ஸ்டர். மாஸ்டா எம்எக்ஸ்-5க்கு ஜப்பானில் வைத்த பெயர் அது. ஜப்பானில் ஓடி முடித்து இங்கே இங்கிலாந்துக்கு இறக்குமதியானவை ஏராளம், அங்கேயும் வலதுபக்க ஸ்டியரிங்தான் என்பதால் சிக்கலில்லை. கோவென்ட்ரிக்கு வேலைக்கு வந்த மூன்றாம் வருடம் வாங்கினேன். இரண்டு சீட்டு, மழை பெய்தால் வலது முழங்காலில் சொட்டும். அப்படியும் பிடித்துப்போன வண்டி.

போன வருஷம் மேடு ஏறும்போது திணற ஆரம்பித்தது. ஐடிலில் விட்டுவிட்டு பானெட்டைத் திறந்து பார்த்தால் முன்னால், கிராங்க் என்ற சுழல்தண்டின் முனையில் இருக்கும் புல்லி லேசாகத் தள்ளாடியது. புல்லியில் எத்தனை வெட்டு இருக்கிறது என்று எண்ணினேன். நாலு. எட்டு இருந்தால் நிம்மதி, நாலு இருந்தால் ‘ஷார்ட் நோஸ்’ கிராங்க். 1991 நடுவில் மாற்றும்வரை வந்த 1.6 இன்ஜின்களின் பிறவிக் கோளாறு இது. கிராங்கின் முன்முனை குட்டை, புல்லி போல்ட் கொஞ்சம் தளர்ந்தாலும் உள்ளே இருக்கும் சின்னக் கீ (ஆப்பு) ஆடி ஆடித் தன் பள்ளத்தைத் தின்றுவிடும். அப்புறம் டைமிங் (வால்வும் தீப்பொறியும் வேலை செய்யும் நேரம்) பின்னால் நகரும், இழுவை போகும். என் கிராங்கைத் திறந்தபோது அந்தப் பள்ளம் எலி கடித்த தேங்காய்ச் சில்லு மாதிரி இருந்தது.

மூன்று வழி. புதுக் கீ போட்டு லாக்டைட் பசை ஊற்றி இறுக்குவது ஒன்று, செலவு சொற்பம், பலருக்கு வருடக்கணக்கில் ஓடுகிறது. 1991க்குப் பிறகு வந்த வேறொரு 1.6ஐ அப்படியே மாற்றிவிடுவது இரண்டாவது. 1.8 போடுவது மூன்றாவது. முதல் தடவை இன்ஜின் மாற்றப் போகிறவர் யாராவது என்னிடம் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன். நான் மூன்றாவதைச் செய்தேன். ஆசை, வேறொன்றுமில்லை.

பேட்டை விட்டுப் பேட்டை போய்த்தான் இன்ஜின் கிடைத்தது. வாடகை வேனில் இரண்டு மணி நேரம் போன முதல் பயணம் முழுத் தண்டம்: போனில் “நல்லா சுத்துது” என்றவர் இன்ஜினில், நேரில் போய் கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் கால் சுற்றுக்கு மேல் நகரவில்லை. அதனால் வேன் எடுப்பதற்கு முன்பே, ஸ்பேனர் போட்டு முழுதாக இரண்டு சுற்று சுற்றும் வீடியோவை அனுப்பச் சொல்லுங்கள். ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் மோர் மாதிரி வெளுத்திருக்கிறதா என்றும் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள்.

இரண்டாவது ஆள் நல்லவர்தான். ஆனால் “கம்ப்ளீட் இன்ஜின்” என்றால் அவர் அகராதியில் பிளாக்கும் ஹெட்டும் மட்டும். ஃப்ளைவீலை வேறு யாருக்கோ விற்றுவிட்டார், வயரிங்கைப் பாதியில் வெட்டிவிட்டார். வயரிங் போனது பற்றி நான் கவலைப்படவில்லை, அதை மட்டும் ஒழுங்காகத் திட்டமிட்டிருந்தேன். 1.6இல் காற்றை அளப்பது உள்ளே ஒரு மடல் அசையும் பழைய மீட்டர், 1.8இல் சூடான கம்பி வைத்த வேறு சென்சார், த்ராட்டில் சென்சாரும் வேறு. ஆகவே என் காரின் வயரிங், இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), காற்று மீட்டர், த்ராட்டில் சென்சார் எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு அடியில் இருக்கும் இன்ஜினை மட்டும் மாற்றுவது என்று முடிவு. இதில் ஒரு குறை, மேல் ஆர்பிஎம்மில் பெட்ரோல் போதாது. வேறு இசியு போடும்வரை 5000க்கு மேல் மிதிப்பதில்லை என்று எனக்கு நானே கட்டுப்பாடு போட்டுக்கொண்டேன். இதுவரை பெரும்பாலும் மீறவில்லை.

அன்று அவர் கொடுத்த ரசீது முழுவதும் இதுதான்: “இன்ஜின். ரொக்கம். நன்றி.” மடித்துப் பர்ஸில் வைத்தேன். அதன் கதை பின்னால் வருகிறது.

பழைய இன்ஜினை இறக்கியது ஒரு சனிக்கிழமை. கியர்பாக்ஸையும், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலையும் கோக்கும் நீள அலுமினியச் சட்டத்தின் போல்ட்டுகள் முப்பது வருடத் துருவில் கல்லாகியிருந்தன. இரண்டு நாள் முன்பிருந்தே துரு எண்ணெய் அடித்து ஊற விடுங்கள். இன்ஜினின் பின்பக்கம் கேம் ஆங்கிள் சென்சார் ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் சீட்டுப் பக்கத்துக்கும் நடுவே உள்ள தகடு) இடிக்கும் தூரத்தில் இருக்கிறது, முதலிலேயே கழற்றிவிடுங்கள். மற்றபடி பிரச்சினையில்லை. புது இன்ஜினை வெளியே வைத்திருக்கும்போதே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், பின் மெயின் சீல், அந்த சென்சாரின் ஓ-ரிங், ஹீட்டர் ஹோஸ்கள் எல்லாம் மாற்றிக்கொண்டேன். உள்ளே போனபின் அந்த ஹோஸ்களுக்குக் கை எட்டாது.

கிளட்ச் கூத்துக்கு வருகிறேன். 1.6க்கான 200 மி.மீ. கிளட்சையே வாங்கிப் பூட்டியிருக்கலாமே என்று கேட்கலாம். பூட்டலாம். 1.8க்கு அது தாங்கும் என்று ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒருவேளை தாங்காவிட்டால் இதையெல்லாம் திரும்ப இறக்க எனக்கு முதுகில் தெம்பில்லை. எனவே ஃப்ளைவீலும் 1.8உடையதே வரட்டும் என்று காத்திருந்தேன். நாலு நாள் இன்ஜின் கராஜில் தொங்கியது. வீட்டுக்காரி துணி காயப்போடும் இடம் அது. அவள் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

வியாழன் இரவு எல்லாம் பூட்டி, ஃப்யூவல் இன்ஜெக்டர் இணைப்பைக் கழற்றிவிட்டு ஆயில் ஏறும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றி, திரும்ப இணைத்துச் சாவியைத் திருப்பினோம். பிடித்தது. அண்ணன் கை தட்டினார். மூன்று நொடியில் நின்றது. மறுபடி பிடித்தது, மறுபடி நின்றது. பெட்ரோல் பம்ப்பா, ரிலேயா என்று ஒன்றரை மணி நேரம் தேடினோம். இந்தக் காரில் பம்ப்பை ஓடவைக்கும் சுவிட்ச் காற்று மீட்டரின் மடலுக்குள் இருக்கிறது. காற்று அந்த வழியாகப் போனால்தான் மடல் அசையும், மடல் அசைந்தால்தான் பம்ப் ஓடும். மீட்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயின் கிளாம்ப்பை நான் முறுக்கவே இல்லை. இன்ஜின் காற்றைச் சந்து வழியாக இழுத்துக்கொண்டிருந்தது, மடல் தூங்கியது. ஸ்குரூ டிரைவரால் ஏழெட்டு சுற்று. அப்புறம் நிற்கவே இல்லை.

இன்ஜினை விடப் பாடாய்ப்படுத்தியது இன்சூரன்ஸ். பெயர் வேண்டாம். முதல் போனில் முப்பத்தைந்து நிமிடம் பாட்டுக் கேட்டேன். எடுத்தவர் கணினியில் ‘இன்ஜின் மாற்றம்’ என்ற தேர்வே இல்லை. “எக்ஸாஸ்ட்னு போட்டுக்கவா?” என்றார். வேண்டாம் என்றேன். அடுத்த நாள் வேறொருவர், கூடுதலாக ஒரு தொகை கட்டினால் போதும் என்றார். எழுத்தில் அனுப்பச் சொன்னேன், அனுப்பவில்லை. மூன்றாமவர், பாலிசி நடுவில் இந்த மாற்றத்தை ஏற்கவே முடியாது, நாங்களே ரத்து செய்கிறோம் என்றார். இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். கம்பெனி ரத்து செய்தால், இனி எந்தக் கம்பெனிக்குப் போனாலும் “உங்கள் பாலிசி எப்போதாவது ரத்தானதா?” என்ற கேள்விக்கு ஆமாம் என்றுதான் சொல்லியாக வேண்டும். ஒரு நிமிடம் என்று நிறுத்தி, நானே விலகிக்கொள்கிறேன் என்று சொல்லி, அதை மின்னஞ்சலிலும் அனுப்பிவிட்டு, மாற்றியமைத்த கார்களை எடுக்கும் ஓர் இடத்துக்குப் போனேன். அங்கே பத்து நிமிடம். இத்தனை போனையும் இன்ஜின் வாங்குவதற்கு முன்பே செய்திருக்க வேண்டும். கார் கராஜில் அக்கக்காகக் கிடக்கும்போது செய்தேன்.

பதிவுப் புத்தகம் எளிது. இன்ஜின் எண்ணும் சிசியும் மாறினால் வி5சி என்ற அந்தப் புத்தகத்தில் திருத்தி, ஆதாரத்தோடு ஸ்வான்சீயில் உள்ள வாகனப் பதிவு அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்ப வேண்டும், கட்டணமில்லை. சாலை வரியும் ஏறாது: 2001 மார்ச்சுக்கு முன் பதிவான கார்களுக்கு 1549 சிசிதான் கோடு, 1597உம் 1839உம் இரண்டுமே அதற்கு மேல். ஆனால் ஆதாரம் என்றால் ரசீது. என் ரசீதில் இன்ஜின் எண் இல்லை, என் பெயர் இல்லை, தேதிகூட இல்லை.

விற்றவரைக் கூப்பிட்டேன். எண்ணைச் சொன்னால் எழுதித் தருகிறேன், நேரில் வா என்றார். எண் எங்கே? பிளாக்கில், இப்போது காருக்குள். வெளியே தொங்கிய நாலு நாளும் என் கண் எதிரில் இருந்தது, ஒரு போட்டோ எடுக்கத் தோன்றவில்லை. துடைப்பக் குச்சியில் போனை டேப் போட்டு ஒட்டி, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, குழாய்களுக்கு இடையே விட்டு முப்பது நாற்பது படம் எடுத்தேன். 1.8 இன்ஜினின் குறியான பிபி என்ற எழுத்துகள் தெரிந்தன. அதன்பின் வரும் எண்களில் ஒன்று மூன்றா எட்டா என்று பிசுக்கில் விளங்கவில்லை. பழைய டூத் பிரஷ்ஷைக் கம்பியில் கட்டித் தேய்த்து மறுபடி எடுத்தேன். எட்டு.

வேன் இல்லாமல், அதே ரோட்ஸ்டரிலேயே இரண்டு மணி நேரம் போய்ப் புது ரசீது வாங்கினேன். தன் இன்ஜின் ஓடுவதை அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஃப்ளைவீல் எங்கே கிடைத்தது என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. சில வாரத்தில் 1839 என்று அச்சான வி5சி வந்தது.

இப்போது பின்னாலிருந்து ஒரு முனகல் கேட்கிறது. 1.6இல் வரும் 6 அங்குல டிஃபரன்ஷியல் கொஞ்சம் சோப்ளாங்கி, புது இன்ஜினின் இழுவை அதற்குப் பிடிக்கவில்லை போல. 1.8இன் 7 அங்குல டிஃப் ஒன்று விற்பனைக்கு இருக்கிறதாம், “கம்ப்ளீட்” என்று போட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை போகிறேன். ரசீதுப் புத்தகம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், அளவு நாடாவும்.