பறை மூணா அடிக்குது, எக்கோ ரெண்டா விழுது

டிஜே வகுப்பின் செய்முறைத் தேர்வில் முதல் தடவை நான் தேறவில்லை. பாட்டு மாற்றுவதில் குறை வரவில்லை, பாஸ் என்னும் கனத்த கீழ் ஒலியைக் கையாண்டதிலும் வரவில்லை. பாட்டின் ஒலியில் எக்கோ மாதிரி வித்தைகள் சேர்க்கும் எஃபெக்ட் யூனிட்டுக்கு ஒதுக்கிய பத்து நிமிடத்தில்தான் விழுந்தேன். கோலாலம்பூரில் இதே மாதிரித் தேர்வுக்குத் தயாராகும் சிலர் அடிக்கடி கேட்கிறார்கள். அதனால் அன்றைக்கு நடந்ததையும், அதற்கப்புறம் எப்படிப் பழகினேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

தேர்வாளர் முதலில் 128 பிபிஎம் (நிமிடத்துக்கு 128 பீட்) வேகத்தில் ஹவுஸ் வகை நடனப் பாட்டு ஒன்று போட்டார். அரை பீட் எக்கோ, எட்டு பீட் ஃபில்டர், கடைசியில் எக்கோவை ஒலிக்கவிட்டுப் பாட்டிலிருந்து வெளியேறுவது எல்லாம் சரியாக வந்தது. அடுத்து ஒரு குத்துப் பாட்டு. யூனிட் 96 என்று காட்டியது. கால் தட்டிப் பார்த்தேன், 96தான். ஹவுஸில் செய்த அதே பழக்கத்தில் அரை பீட்டை வைத்து எக்கோவைத் திறந்தேன். பாட்டு உடனே சேறாகிவிட்டது. பறையின் அடிகளுக்கு நடுவே வேறு யாரோ தாளம் தெரியாமல் தட்டுவது போல் இருந்தது. எங்கே தப்பு என்று புரியாமல் லெவலைக் குறைத்தேன், ஏற்றினேன், விரலால் தட்டி வேகத்தைச் சொல்லும் டாப் (tap) பட்டனை மறுபடியும் தட்டினேன். எண் மாறவில்லை, அதே 96.

தேர்வாளர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "தம்பி, பறை மூணா அடிக்குது. நீங்க ரெண்டா பிரிக்கிறீங்க."

அன்று நான் கற்றது முழுவதும் இந்த ஒரு வரிதான். இதை விரித்துச் சொல்கிறேன்.

தாளத்தோடு ஒட்டி ஓடும் எஃபெக்டுகளுக்கு அடிப்படை ஒரே ஒரு வகுத்தல். ஒரு நிமிடம் 60,000 மில்லி செகண்ட். அதைப் பிபிஎம்மால் வகுத்தால் ஒரு பீட்டின் நீளம் கிடைக்கும். 120க்கு 500, 100க்கு 600, 96க்கு 625, 128க்கு கிட்டத்தட்ட 469. யூனிட்டில் 1/2, 3/4, 1, 4 என்று இருக்கும் பட்டன்கள் இந்த நீளத்தைப் பிரிக்கின்றன அல்லது பெருக்குகின்றன. பட்டனுக்குப் பாட்டின் உள் பிரிவு தெரியாது. ஒரு பீட்டுக்குள் நான்கு சின்ன அடி இருக்கிறதா, மூன்று இருக்கிறதா என்பதை நாம்தான் கேட்டுச் சொல்ல வேண்டும்.

ஹவுஸ், டெக்னோ, ஹிப்ஹாப் பெரும்பாலும் நான்காகப் பிரியும். மிருதங்கம் படித்தவர்கள் இதைச் சதுஸ்ரம் என்பார்கள். நம் குத்துப் பாட்டுகளில் நிறைய திஸ்ரம், அதாவது மூன்று. அந்த 96 பிபிஎம் பாட்டில் ஒரு பீட் 625 மில்லி செகண்ட். பறையின் சின்ன அடிகள் 0, 208, 417 என்ற இடங்களில் விழுகின்றன. நான் வைத்த அரை பீட் 312இல் விழுந்தது. 208க்கும் 417க்கும் நட்ட நடுவில்! இதைவிடக் கெட்ட இடத்தைத் தேடிப் பிடிக்கவே முடியாது. பிபிஎம் சரியாக இருந்தும் எக்கோ கெட்டுப்போனதற்குக் காரணம் இதுதான்.

சரி, யூனிட்டில் 1/3 பட்டன் இல்லையென்றால் என்ன செய்வது? இரண்டு வழி உண்டு. முதல் வழி, டைம் குமிழைத் திருகி மில்லி செகண்டை நேரடியாக 208க்குக் கொண்டுவருவது. வீட்டில் பழகும்போது இது போதும். தேர்வு மேசையில், கண்ணாடி மாதிரி மின்னும் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டு திருகுவதற்கு நேரம் கிடைக்காது.

இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது. "தகிட தகிட" என்று வாயால் சொல்லுங்கள். ஆறு எழுத்து. முதல் எழுத்திலும் நான்காவது எழுத்திலும் டாப் பட்டனைத் தட்டினால் யூனிட் 96 என்று காட்டும். அதே வேகத்தில் சொல்லிக்கொண்டே முதல், மூன்றாம், ஐந்தாம் எழுத்துகளில் தட்டுங்கள். இப்போது 144 காட்டும். 144இல் அரை பீட் என்பது 208 மில்லி செகண்ட். நமக்கு வேண்டிய மூன்றில் ஒரு பங்கு அதுவேதான். எக்கோ பறையின் மேல் அப்படியே போய் உட்காரும். முதன்முதலில் இது சரியாக வந்த ராத்திரி, கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் வீட்டில் ஒரே எட்டு பீட்டை ஒரு மணி நேரம் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தானாக எண்ணும் மீட்டர் சில நேரம் குத்துப் பாட்டில் 144 மாதிரி எண்ணைத் தானே காட்டுவதும் இதனால்தான். மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். அது உள்ளே இருக்கும் வேறொரு துடிப்பைப் பிடித்திருக்கிறது, எக்கோவுக்கு அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஆனால் 144இல் இருந்தபடியே ஃபில்டரையோ ஃபிளாஞ்சரையோ நான்கு பீட்டுக்குத் திறந்தால் சுற்று பாட்டின் பீட்டில் வந்து முடியாது. எக்கோ முடிந்ததும் மறுபடி 96 தட்டிவிட்டு அப்புறம் ஃபில்டருக்குப் போங்கள். இந்தச் சின்ன விஷயத்தைத் தேர்வாளர்கள் கவனிக்கிறார்கள்.

மற்ற எஃபெக்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபில்டர், ஃபேசர், ஃபிளாஞ்சர் மூன்றும் ஏறி இறங்கும் அலைகள், நீளமாக விட்டால்தான் அழகு. 128 பிபிஎம்மில் 16 பீட் என்பது சரியாக ஏழரை செகண்ட். பாட்டின் ஒரு கட்டம் முடியும் இடத்தில் அலையும் முடியும்படி திறக்கலாம். ட்ரான்ஸ் ஒலியைத் தாளத்தில் வெட்டி வெட்டித் தரும், அதைக் குரல் இருக்கும் இடத்தில் போட்டால் வரி புரியாது. ரோல், பட்டனை அழுத்திய நொடியைப் பிடித்துத் திரும்பத் திரும்ப ஒலிக்கும் என்பதால் அழுத்தும் நேரம் பீட்டின் தலையில் இருக்க வேண்டும். பெரிய அறையின் முழக்கம் போல் ஒலிக்கும் ரிவெர்ப் வாய்மொழிக் கேள்வியில் நிச்சயம் வரும். பீட் எஃபெக்டுகளின் வரிசையிலேயே அதன் பெயரும் இருந்தாலும், பல மிக்சர்களில் அதற்குப் பீட் கணக்கு கிடையாது, சதவீதத்தில்தான் அளவு. "ரிவெர்பை எத்தனை பீட்டுக்கு வைப்பீர்கள்?" என்று கேட்டால் தயங்காமல் இதைச் சொல்லுங்கள்.

யூனிட் தானாக எண்ணும் ஆட்டோவா, நாமே தட்டும் டாப்பா என்பது அடுத்த கேள்வி. டாப்பில் தட்டிய எண் அப்படியே நிற்கும், பாட்டின் வேகம் மாறினாலும் அது மாறாது. 124இல் தட்டிவிட்டுப் வேகத்தை மாற்றும் பிட்ச் சறுக்கியால் பாட்டை 128க்கு ஏற்றினால், ஒவ்வொரு பீட்டிலும் எக்கோ சுமார் 15 மில்லி செகண்ட் பின்தங்கும். ஒரு பீட் எக்கோவின் நான்காவது எதிரொலியில் அது 60 ஆகிவிடும். காது அதைக் கண்டுபிடித்துவிடும். ஆகவே நேரான நாலு பீட் பாட்டுக்கு ஆட்டோ, உறுமி, பறை, தவில் ஓடும் பாட்டுக்கு டாப். என் முறை இதுதான்.

பழகியதைப் பற்றி. என்னிடம் இருந்தது பழைய பயனியர் ஈஎஃப்எக்ஸ்-500 ஒன்று, கைமாறி வந்தது. ஆனால் யூனிட் முன்னால் உட்கார்ந்ததைவிட வெளியில்தான் அதிகம் கற்றேன். செந்தூலிலிருந்து மஸ்ஜித் ஜாமேக் வரை எல்ஆர்டி ரயிலில் போகும்போது காதில் ஒரு பாட்டு, தொடையில் விரல். முதலில் பதினைந்து செகண்டுக்கு எத்தனை பீட் என்று எண்ணி நான்கால் பெருக்குவேன். அப்புறம் அந்தப் பீட்டுக்குள் "தகதிமி" பொருந்துகிறதா, "தகிட" பொருந்துகிறதா என்று வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். இரண்டு வாரத்தில் பாட்டின் முதல் நாலு பீட்டிலேயே பதில் வந்துவிட்டது. அந்த வருடத் தைப்பூசத்தில் பத்துமலையில் உறுமி மேளக் குழு ஒன்றுக்குப் பின்னாலேயே நடந்தேன். கூட்டத்தில் யாரும் எண்ணிக் காலடி வைக்கவில்லை, ஆனாலும் எல்லாருடைய கால்களும் மூன்றின் தலையிலேயே விழுந்தன. அந்த நடை என் உடம்பில் இறங்கிய பிறகு டாப் பட்டனில் விரல் தடுமாறியதில்லை.

எக்கோ போடும்போது பாஸை விட்டுவிடுங்கள். உறுமியின் கனத்த ஓசை திரும்பத் திரும்ப வந்தால் மண்டபத்தில் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். எஃபெக்டுக்கென்று லோ, மிட், ஹை (கீழ், நடு, மேல் ஒலி) தனித்தனிப் பட்டன் இருந்தால் லோவை அணைக்கலாம். இல்லாவிட்டால் அந்தச் சானலின் பாஸைக் குறைத்துக்கொண்டு திறக்கலாம். கல்யாண விருந்துக்கு வாசிக்கப் போகிறவர்களுக்கு இது தேர்வைவிட முக்கியம். நம் மண்டபங்களின் சுவரும் தரையும் ஏற்கெனவே ஒலியைத் திருப்பி அடிக்கின்றன, அதன் மேல் நாம் ரிவெர்ப் ஊற்றினால் தாத்தா பாட்டிகள் எழுந்து போய்விடுவார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்தால்தான் பேரப்பிள்ளைகள் ஆடுவார்கள்.

தேர்வு மேசைக்குப் போனதும் எஃபெக்ட் எந்தச் சானலுக்கு என்று பாருங்கள். முன்னால் எழுதியவர் மாற்றி விட்டிருப்பார். லெவல் குமிழ் முழுக்க இடப்பக்கம் இருக்கட்டும். டெம்போ பார்க்கும் முறை ஆட்டோவில் இருக்கிறதா, டாப்பில் இருக்கிறதா என்று கண்ணால் உறுதி செய்யுங்கள். பாட்டு ஓட ஆரம்பித்ததும் கையை எடுத்துவிட்டு எட்டு பீட் சும்மா கேளுங்கள். அந்த மௌனத்துக்காக யாரும் மார்க் குறைப்பதில்லை.

இரண்டாம் தடவை தேர்வுக்குப் போனபோது அதே தேர்வாளர்தான். வேறொரு குத்துப் பாட்டு போட்டார், யூனிட்டில் 100. எட்டு பீட் கேட்டேன். உதடு மட்டும் "தகிட தகிட" சொன்னது. ஒன்று, மூன்று, ஐந்தில் தட்டினேன், திரையில் 150. அரை பீட், லோ அணைப்பு, லெவல் கால்வாசி. பல்லவியின் கடைசிச் சொல்லில் எக்கோவைத் திறந்து பாட்டின் ஒலியளவுச் சறுக்கியான ஃபேடரை இறக்கினேன். பாட்டு நின்ற பிறகும் அந்தச் சொல் பறையின் நடையிலேயே தேய்ந்துகொண்டு போனது. தேர்வாளர் ஹெட்போனைக் கழற்றவில்லை. அவருடைய கட்டைவிரல் மேசை விளிம்பில் மூன்று மூன்றாகத் தட்டிக்கொண்டிருந்தது.