கா என்று முடியும் ஐந்து தலங்கள்

பூங்கா என்கிறோமே, அந்தக் ‘கா’வுக்குச் சோலை என்று பொருள். அந்த ஓரெழுத்தைப் பெயரின் ஈற்றில் தாங்கிய தேவாரப் பாடல் பெற்ற சிவத்தலங்கள் ஐந்து: ஆனைக்கா, கோடிக்கா, குரக்குக்கா, கோலக்கா, நெல்லிக்கா. ஊர்ப்பெயர் ஈறுகளை வைத்தே தலங்களைக் கோத்துப் பாடிய அடைவுத் திருத்தாண்டகத்தில் அப்பர் பெருமான் நெல்லிக்கா, கோலக்கா, ஆனைக்கா, கோடிக்கா நான்கையும் ஒரே பாட்டில் வைத்திருக்கிறார்.

கிளம்புமுன் இன்றைய பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கா என்றால் சோலை என்பது மறந்துபோக, ‘காவல்’ வந்து ஒட்டிக்கொண்டது. கோடிக்கா இப்போது திருக்கோடிக்காவல், நெல்லிக்கா திருநெல்லிக்காவல். குரங்கு, கா இரண்டும் சேரும்போது மெல்லினம் வல்லினமாகிக் குரக்குக்கா ஆனது. அதுவும் தேய்ந்து குரக்காவல் என்றே வழங்குகிறது. ஆனைக்காவோ ஆனைக்காவல் ஆகி, அதையும் தாண்டித் திருவானைக்கோவில் ஆகிவிட்டது. பேருந்தில் அப்படிக் கேட்டால்தான் டிக்கெட் கிடைக்கும். சீர்காழிக்கு மேற்கே, நடந்துபோகும் தூரத்தில் உள்ள கோலக்காவுக்குத் தாளமுடையார் கோயில் என்று வழி கேளுங்கள். சம்பந்தருக்கு ஈசன் பொற்றாளம் தந்த தலம் அது. தாளத்துக்கு ஓசை கொடுத்தவள் அம்பிகை. அவள் பெயரே ஓசை கொடுத்த நாயகி.

பெயர்ப்பலகை தொலைத்த பொருளைத் தலமரத்தில் தேட வேண்டும். திருவானைக்காவில் ஒன்பது துளையுள்ள கல் சாளரத்தின் வழியாக, நீர் ஊறும் கருவறையில் ஈசனைத் தரிசித்ததும் திரும்பிவிடாதீர்கள். கருவறையை ஒட்டியே வெண்ணாவல் நிற்கிறது. நாவலுக்கு வடமொழியில் ஜம்பு. அதனால்தான் சுவாமி ஜம்புகேஸ்வரர். யானை வழிபட்ட சோலை, நாவல் மரம், நீர்த்திரளான லிங்கம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஊர்ப்பெயர் முழுதாகப் புரியும்.

திருக்கோடிக்காவலின் தலமரம் பிரம்பு. வடமொழியில் பிரம்புக்கு வேத்திரம். வேத்திரவனம் என்ற பெயர் அதனால் வந்தது. காவிரி அங்கே வடக்கு நோக்கி ஓடுவதால் நீராடலுக்குச் சிறப்பு.

இந்த ஐந்தில் நெல்லிக்கா மட்டும் காவிரித் தென்கரைத் தலம். திருவாரூர்–திருத்துறைப்பூண்டி ரயில் பாதையிலேயே அந்தப் பெயரில் நிலையம் இருக்கிறது. கிராமக் கோயில் என்பதால் உச்சிக்காலத்துக்கு முன்பே போய்ச் சேர்வது நல்லது. நிலையப் பலகையில் ‘காவல்’ என்றிருந்தாலும், சந்நிதியில் அர்ச்சனைக்குச் சொல்லும் திருநாமம் நெல்லிவனநாதர். கா அங்கே வனமாகப் பிழைத்திருக்கிறது.