தேங்காய் எண்ணெய் உறையும் ஊரில் சடைமுடி

குளிர் நாட்டுக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில் ஒரு நாள் காலை, தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினாலும் ஒரு சொட்டு விழாது. 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும் சங்கதி அது. சரி என்று வெந்நீரில் வைத்து உருக்கி, பழக்க தோஷத்தில் உச்சி முதல் நுனி வரை தேய்த்துக்கொண்டு வெளியே கிளம்பினால் அடுத்த கூத்து. தலைத்தோல் சூட்டில் இளகியே இருக்கிற எண்ணெய், தோளுக்குக் கீழே தொங்கும் சடைக்குள் (பின்னல் இல்லை, முடியைச் சிக்கவைத்துத் திரியாக்கிய ட்ரெட்லாக்ஸ்) போய் மறுபடி மெழுகாக இறுகும். வாரிக்கொள்ளும் முடியென்றால் சீப்போடு வந்துவிடும். ட்ரெட்லாக்ஸுக்குள் போனது சுலபத்தில் வெளியே வராது. தூசி, கம்பளி நூல், சோப்புக் கசடு எல்லாவற்றையும் துணைக்கு வைத்துக்கொண்டு உள்ளேயே குடியிருக்கும்.

வீடியோ அழைப்பில் வீட்டிலிருந்து வரும் முதல் கேள்வியும் இதே தலையைப் பற்றித்தான்: “ஏம்ப்பா, அந்த ஊர்ல சீப்பே விக்கிறதில்லையா?”

சடை போடத் தெரிந்த சலூன்கள் புது நாட்டில் உண்டு. ஆனால் அங்கே கைபழகியது பெரும்பாலும் இறுகச் சுருண்ட முடியில். அந்த முடி உள்ளங்கையில் உருட்டினாலே பிடித்துக்கொள்ளும். நம்மில் பலருக்கு இருப்பது வழுக்கிக்கொண்டு போகும் நேர்முடி. உருட்டினால் மாலைக்குள் பிரிந்து நிற்கும். இதற்கு ஏற்றது மெல்லிய குரோஷே ஊசி, நூல் பின்ன உதவும், நுனியில் கொக்கி வைத்த ஊசி. 0.5 மி.மீ. ஒன்று, 0.75 மி.மீ. ஒன்று இருந்தால் போதும். தடித்த சடைக்குப் பெரியது, மேலே பறக்கும் பிசிறை உள்ளே தள்ளச் சின்னது.

முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு செ.மீ. வளரும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை, வேரில் புதிதாக வளர்ந்த முடியைச் சடையோடு சேர்த்துச் சரிசெய்தால் போதும். முடி கழுவி முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். பக்கத்துச் சடைகளை கிளிப் போட்டு ஒதுக்கி, வேலை செய்யும் சடையை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, ஊசியை உள்ளே விட்டு, பறக்கும் முடியைக் கொக்கியில் மாட்டி இழுக்கணும். சின்னச் சின்ன, வேகமான குத்து. சடையைச் சுற்றிச் சுற்றி வரணும். ஊசி முனை மறுபக்கம் எட்டிப் பார்த்தால் அங்கே ஒரு வளையம் கிளம்பும். அதை அடக்க இன்னொரு குத்து, அது இன்னொரு வளையம். ‘கறுக் கறுக்’ என்று சத்தம் கேட்டால் முடி அறுகிறது என்று பொருள், கையை நிறுத்துங்கள். தலைத்தோலை ஒட்டி ஒரு செ.மீ. சும்மா விட்டுவிடணும். ஒரு சடைக்கு ஐந்து நிமிடம் என்றால் நாற்பது சடைக்கு மூன்றே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்வதே கைக்கும் கழுத்துக்கும் நல்லது.

நுனியை வேருக்குள் நுழைத்து இழுக்கும் முறையும் உண்டு. ஒரே திசையில் திரும்பத் திரும்ப நுழைத்தால் வேரில் ஓட்டை விழுந்து சடை இரண்டாகப் பிளக்கும். நான்கு திசையும் மாற்றி மாற்றி நுழைக்கப் பொறுமை இல்லாதவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இதெல்லாம் பழகிவிடும். பழகாத ஒன்று, காய வைப்பது. ஊரில் தலைக்குக் குளித்தால் மொட்டை மாடியில் வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றால் வேலை முடிந்தது. காய்வது ஒரு வேலை என்றே யாருக்கும் தோன்றியதில்லை. இங்கே நாலு மணிக்கே இருட்டும், ஜன்னல் திறக்க முடியாது. பெருவிரல் தடிமன் சடை நீர் குடித்த பஞ்சுத் திரி மாதிரி; மேலே காய்ந்த மாதிரி காட்டிக்கொண்டு உள்ளே ஒரு நாள் முழுக்க ஈரத்தை வைத்திருக்கும். அந்த ஈரத்தோடு குல்லாயைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனால் இரண்டே வாரத்தில் நனைந்த துணியை வாளியில் மறந்துவிட்ட வாடை வரும். பூஞ்சை ஆழமாக இறங்கிவிட்டால் அந்தச் சடையை வெட்டுவது தவிர வழியில்லை.

அதனால் இரவில் தலைக்குக் குளிக்காதீர்கள். விடுமுறை நாள் காலையில் குளித்து, ஒவ்வொரு சடையாக மேலிருந்து கீழே பிழியுங்கள், முறுக்க வேண்டாம். காய்ந்த துண்டு இரண்டு மாற்றி அழுத்துங்கள். பிறகு டிரையர், நடுத்தரச் சூட்டில், கொத்துக் கொத்தாகப் பிரித்து. ஹீட்டரில் முதுகை ஒட்டி உட்கார்ந்தால் சடையின் வெளிப்பக்கம் மட்டும் மொறுமொறுவென்று ஆகும். காய்ந்ததா என்று பார்க்கச் சடையின் தடித்த இடத்தை மேலுதட்டில் வைத்து அழுத்துங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம்.

கெட்டிலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டுகிற ஊரா? தண்ணீர் கடினமானது. அங்கே சோப்புக்கட்டி வேண்டாம். சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து கசடாகிச் சடைக்குள் ஒட்டும். சுத்தமாக அலசிப் போகும் திரவ ஷாம்புவை நீரில் கலந்து தலைத்தோலில் மட்டும் தேய்த்தால் நுரை இறங்கும்போதே சடையும் கழுவப்படும். மாதம் ஒருமுறை ஒரு லிட்டர் தண்ணீரில் 100 மி.லி. வினிகர் கலந்து ஊற்றி அலசலாம். சமையல் சோடாவில் ஊற வைப்பதை வருடத்துக்கு இரண்டு தடவையோடு நிறுத்துங்கள். அதன் காரத்தன்மை முடியை நொறுங்க வைக்கும். சடையை இறுக்கத் தேன்மெழுகு பூசுவது எப்போதுமே வேண்டாம்.

கம்பளிக் குல்லாய்க்கு உள்ளே சாட்டின் துணி ஒன்று அவசியம். சடையில் ஒட்டும் நூலை, ஊசி எடுப்பதற்கு முன்னால், நல்ல வெளிச்சத்தில் இடுக்கியால் எடுத்துவிடுங்கள். கொக்கியோடு உள்ளே போய்விட்டால் அது உங்களோடு குடியுரிமை வாங்கிவிடும்.

வேர் மெலிவது கவனிக்க வேண்டிய விஷயம். காரணம் பெரும்பாலும் தினமும் இறுக்கிக் கொண்டை போடுவது, அடிக்கடி வேரை முறுக்குவது. வேரில் சில இழைகளே தாங்கி நின்றால் பக்கத்துச் சடையோடு சேர்த்து, இரண்டின் அடிமுடியையும் ஊசியால் மாற்றி மாற்றிக் கோத்து ஒன்றாக்கிவிடலாம். நடுவில் மெலிந்திருந்தால் உதிரி மனித முடியை அந்த இடத்தில் சுற்றி, இரண்டு பக்கமும் இரண்டு மூன்று செ.மீ. தாண்டிக் கொக்கியால் உள்ளே தைக்கணும்.

அறுந்து கையோடு வந்த சடையை எறியாதீர்கள். கழுவிக் காய வைத்துக் காகித உறையில் வையுங்கள். தலையில் மிஞ்சிய கட்டை ஐந்து செ.மீ. ஆவது வளர்ந்தபின், இரண்டு முனையையும் மூன்று நான்கு செ.மீ. ஊசியால் பிரித்து, விரலோடு விரல் கோத்த மாதிரி நுழைத்து, முடி நிற நூலால் கட்டி, கொக்கியால் இறுக்கினால் ஒட்டிக்கொள்ளும். சில வாரம் கழித்து நூலை எடுத்துவிடலாம்.

எண்ணெய்க்கு வருவோம். ஹொஹோபா மாதிரி வீட்டுக்குள் இருக்கும் குளிரிலும் இளகியே நிற்கும் எண்ணெயில் இரண்டு மூன்று சொட்டு, விரல் நுனியில் தொட்டுத் தலைத்தோலுக்கு மட்டும். வாசனை கிடையாது, ஒட்டுவதும் கிடையாது, குறை சொல்ல ஒன்றுமில்லை. தேங்காய் எண்ணெய் பாட்டில் அலமாரியிலேயே இருக்கும், வெள்ளையாக உறைந்து, குதிகால் வெடிப்புக்கு என்ற பெயரில். மூடியைத் திறந்து ஸ்பூனால் சுரண்டும்போது கொஞ்சம் அதிக நேரம் மூக்கருகே வைத்திருப்போம்.