தறிக்காகக் கட்டிய வீடுகள்: பவானியில் ஒரு காலை

ஈரோட்டிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பவானிக்கு வருவோர் பெரும்பாலும் காவிரியும் பவானி ஆறும் சேரும் கூடுதுறையில் முழுகி, சங்கமேசுவரரை வணங்கி, அடுத்த பேருந்தில் திரும்பிவிடுகிறார்கள். சென்ற மாதம் நான் கோயிலோடு நிற்காமல், காவிரிக் கரையை ஒட்டிய குடியிருப்புத் தெருக்களில் வெயில் ஏறும்வரை நடந்தேன். தெருமுனைகளில் நின்றால் அக்கரைக் குமாரபாளையம் தெரிகிறது.

பழைய வீடுகள் சீமை ஓடு வேய்ந்தவை. திண்ணை ஓர் ஆள் உட்காரும் அளவுக்கே ஒடுங்கியிருக்கும். ஆனால் நுழைந்ததும் வரும் அறை மட்டும் வீட்டுக்குப் பொருந்தாத அகலத்தில் விரிந்து கிடக்கும். 2005-06இல் புவிசார் குறியீடு பெற்ற பவானி ஜமுக்காளத்தை அகலமாக நெய்ய இருவர் அருகருகே அமர வேண்டும். காலால் மிதித்துத் தறியை இயக்கும் மிதிபலகைகளுக்காகத் தரையில் குழி தோண்ட வேண்டும். தறிக்கு இடம் விட்டபின் எஞ்சியதில்தான் அடுப்படியும் படுக்கையும் அமைந்தன.

திண்ணையொன்றில் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்த மூதாட்டி, "வெயில்ல நின்னு என்னங்க பாக்கறீங்க, உள்ள வந்து உக்காருங்க" என்றார். 2018 ஆகஸ்டில் மேட்டூர் அணை நிரம்பி, விநாடிக்கு 2 லட்சம் கன அடியை ஒட்டிய நீர் காவிரியில் திறந்துவிடப்பட்டபோது தம் வீட்டில் நடந்ததைச் சொன்னார்: "வாசப்படி ஏறி வர்லீங்க, தறிக்குழியிலதான் மொதல்ல ஊறுச்சுங்க." வெளியே தெரு காய்ந்திருக்க, வீட்டின் நடுவே நீர் நிற்பதைக் கண்டபின்தான் தறியில் பூட்டியிருந்த பாவு நூலை அறுத்துச் சுருட்டிக்கொண்டு மேட்டுத் தெருவில் இருந்த மகள் வீட்டுக்குப் போனார்களாம். 2022 ஆகஸ்டிலும் அப்படித்தான் ஆயிற்று. ஆற்று நீர் வருவதைத் தெருவுக்கு முன்பே அறிவித்த அந்தக் குழியை அவர் ஏனோ பெருமையோடுதான் காட்டினார்.

(வீடு இடிவதைப் பற்றியும் இவ்வூருக்கு ஒரு கதை உண்டு. கோவை கலெக்டர் வில்லியம் கேரோ தங்கியிருந்த மாளிகை இடியும் முன் கோயிலின் அம்மனான வேதநாயகி சிறுமி வடிவில் வந்து அவரை வெளியே அழைத்துச் சென்றாள் என்பர். 1804ஆம் ஆண்டில் அவர் காணிக்கையாகத் தந்த தந்தக் கட்டில் கோயிலில் இருக்கிறது.)

வெளியூர் விசைத்தறி ஜமுக்காளங்கள் மலிவாக வந்து குவிந்தபின் தறிகள் குறைந்தன. தறி போன வீடுகளும் மாறின. சில வீடுகளில் அகன்ற அறையைக் குறுக்குச் சுவரால் பிரித்து வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். வேறு சிலர் இடித்து, தூண்களின் மேல் மாடி எழுப்பி, கீழ்த்தளத்தை வண்டிகளுக்கு விட்டுவிட்டார்கள். கோடையில் அந்தக் காங்கிரீட் மாடியில் உறங்க எனக்கு விருப்பமில்லை. ஆயினும் இரண்டு முறை வெள்ளம் பார்த்தவர்கள் உயரத்தைத் தேடுவதில் பிழை காண இயலவில்லை.

மூதாட்டியின் அடுத்த வீட்டில் தறி இல்லை. சிவப்புச் சாந்துத் தரையின் நடுவே, பழைய குழி இருந்த இடத்தில் மட்டும் சாம்பல் நிறச் சிமெண்டு நீள்சதுரமாகப் பூசப்பட்டிருந்தது. அதன்மேல் ஒரு மொபெட் நின்றுகொண்டிருந்தது.