ஏழரை மணி வயிற்றுவலி

ஜூன் 25

இன்றும் ஏழரை மணிக்கு, பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில், என் மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஒரு காலில் மட்டும் சாக்ஸ். ஸ்கேனில் ஒன்றும் இல்லை, ரத்தப் பரிசோதனையிலும் இல்லை. "வலி நிஜம்தான், காரணம் வயிற்றில் இல்லை" என்றார் டாக்டர். ஒன்பதரைக்கு மேல் தானாகக் குறைந்துவிடுகிறது. அதை வைத்துத்தான் நடிக்கிறான் என்கிறார் என் கணவர். நடிக்கிறவனுக்கு உள்ளங்கை வேர்க்குமா? தொட்டுப் பார்த்தேன், ஈரம்.

ஜூன் 26

ஆச்சி ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார். வலி போகவில்லை.

ஜூன் 28

பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளைப் பற்றிப் பேசும் மெய்ப்பாட்டியல் நடத்த வேண்டும். நகை, அழுகை, இளிவரல் (இழிவு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. எட்டும் எங்கெங்கே பிறக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் நான்கு இடம் சொல்லியிருக்கிறார் தொல்காப்பியர். வருடா வருடம் எடுக்கிற பாடம்தான். இந்த முறை உவகையில் நின்றுவிட்டேன். "செல்வம் புலனே புணர்வு விளையாட்டென்று அல்லல் நீத்த உவகை நான்கே." மகிழ்ச்சி பிறக்கிற இடங்களில் அறிவும் இருக்கிறது, விளையாட்டும் இருக்கிறது. பெருமிதத்துக்கு வந்தால் நான்கில் முதலாவதே கல்வி.

அச்சத்துக்கு என்ன சொல்கிறார்? அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை (தம்மை ஆள்பவர்). கல்வியை அவர் அந்த வரிசையில் வைக்கவே இல்லை. என் பிள்ளைக்கு மட்டும் அது எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது?

ஜூன் 30

விளக்கை அணைத்த பிறகு அவனாகவே சொன்னான். திங்கள்தோறும் கணக்குத் தேர்வு மார்க் வாசிப்பார்களாம். எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டு வருவார்கள், பேர் வந்தவன் உட்காரலாம். ஒரு இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பாடத்தைத் தொடங்கிவிடுவார்கள். மிச்சம் இருப்பவர்கள் பீரியட் முடியும் வரை நிற்க வேண்டியதுதான்.

"என் பேர வாசிக்கவே மாட்டாங்கம்மா."

எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஜூலை 1

பொதுத்தேர்வில் முதல் மூன்று இடம் அறிவிக்கும் வழக்கத்தை இந்த மாநிலம் 2017-லேயே நிறுத்திவிட்டது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, குழந்தையை அடிக்கவும் கூடாது, மன உளைச்சல் தரவும் கூடாது என்கிறது. இரண்டாவது பாதியை யாரும் படிப்பதே இல்லை போலிருக்கிறது.

ஜூலை 3

இவருக்கும் எனக்கும் வாக்குவாதம். "உலகம் இப்படித்தான் இருக்கும், அவன்தான் தைரியமா இருக்கப் பழகணும்" என்கிறார். லேசான வாதம் இல்லை இது. பழைய கிரேக்கத் தத்துவவாதி எபிக்டெட்டஸ் சொன்னதும் இதற்குப் பக்கத்தில்தான் வரும்: சில விஷயம் நம் கையில் உண்டு, சில இல்லை, கையில் இல்லாததற்காகக் கலங்காதே. அடிமையாக இருந்தவர், கால் ஊனமானவர், ரோமிலிருந்து தத்துவவாதிகள் விரட்டப்பட்டபோது கிரேக்க நகரமான நிக்கோபோலிஸ் போய்ப் பள்ளி நடத்தியவர். அவர் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

ஆனால் அவரிடம் போனவர்கள் தாங்களாகவே தேடிப் போன இளைஞர்கள். பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடலாம். எட்டாம் வகுப்புப் பையன் எங்கே எழுந்து போவான்? அவன் நிற்பதே தண்டனையாக நிற்கிறான். கையில் இல்லாததைப் பொறுத்துக்கொள் என்று அவனிடம் சொல்கிறோம், சரி. அது எங்கள் கையில் இருக்கிறதே. அதை மாற்ற வேண்டியவர்கள் அவனுக்குப் பொறுமை போதித்துக்கொண்டிருக்கிறோம்.

இதைச் சொன்னதும் இவர் எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டார்.

ஜூலை 5

அரிஸ்டாட்டிலின் அறவியல் நூல், இரண்டாம் பகுதி. மகிழ வேண்டியதில் மகிழவும் வருந்த வேண்டியதில் வருந்தவும் சின்ன வயதிலிருந்தே பழக்குவதுதான் சரியான கல்வி என்று பிளேட்டோ சொன்னதை எடுத்துக்காட்டி ஆமோதிக்கிறார். நன்றாக வாழ்வது என்பது அவருக்குப் படித்து முடித்த பிறகு கிடைக்கிற பரிசு இல்லை. அன்றாடம் எதைச் செய்து பழகுகிறோமோ அதிலேயே அது உருவாகிறது. அப்படியானால் திங்கள்தோறும் என் மகன் எதைப் பழகுகிறான்? கணக்கு என்றாலே தலைகுனியப் பழகுகிறான். உட்கார்ந்துவிட்ட நாற்பது பேரும், பக்கத்தில் ஒருவன் நிற்கும்போது நிம்மதியாக இருக்கப் பழகுகிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் கூடுதல் பயம்.

ஜூலை 7

திங்கள். லீவு லெட்டர்.

ஜூலை 8

ஆனித் தேரோட்டம், உள்ளூர் விடுமுறை. அவனே கிளம்பினான்! வடம் பிடித்துவிட்டு வருவான் என்று நினைத்தால், சக்கரத்துக்குச் சறுக்குக்கட்டை போடுகிறவர்களுக்குப் பின்னாலேயே போய்விட்டான். போலீஸ்காரர் விரட்டியும் நகரவில்லை. அவ்வளவு பெரிய சக்கரத்தடியில் கட்டையைச் சரித்து வைத்து, மரம் கிறீச்சிடும்போது கையை உருவிக்கொள்கிறார்கள். தேர் கொஞ்சம் முகம் திரும்புகிறது.

ராத்திரி ஆச்சிக்குப் பாடம் நடந்தது. சப்பாத்திக் கட்டையை உருட்டி, தீப்பெட்டியை ஒரு பக்கம் மட்டும் முட்டுக்கொடுத்து, "இந்தப் பக்கம் தடுத்தா அந்தப் பக்கம் மட்டும் நகரும் ஆச்சி, அதான் திரும்புது." எந்தக் கோணத்தில் வைத்தால் எவ்வளவு திரும்பும் என்று பென்சிலால் படம் போட்டான். கோணம்! பதினோரு மணிவரை தூங்கவில்லை.

மருட்கை பிறக்கிற இடங்களில் புதுமையும் பெருமையும் உண்டு, சிறுமையும் உண்டு. சின்னக் கட்டை, பெரிய தேர். தத்துவமே வியப்பில்தான் தொடங்குகிறது என்று கிரேக்கர்களும் சொன்னார்கள். என் பிள்ளையிடம் அந்த வியப்பு முழுசாக இருக்கிறது. எங்கும் போய்விடவில்லை.

ஜூலை 9

ஏழரை. வயிறு.

ஜூலை 11

தத்துவவாதி ஜே. கிருஷ்ணமூர்த்தி 1909-ல் அப்பாவோடு அடையாறுக்கு வந்தபோது அவருக்குப் பதின்மூன்று வயது. இவன் வயது. பள்ளியில் மந்தமான பையன் என்று பேர், அடிக்கடி பிரம்படி. பின்னாளில் மதனப்பள்ளி பக்கத்தில் ரிஷிவேலி பள்ளி அவர் எண்ணத்தில் உருவானபோது, பயம் இருக்கிற இடத்தில் அறிவு விழிக்காது என்பதைத் திரும்பத் திரும்பப் பேசினார். அடிபட்ட கை சொல்கிற வார்த்தை. அதனால் நம்புகிறேன்.

ஜூலை 15

காமராஜர் பிறந்தநாள், எங்கள் பள்ளியில் கல்வி வளர்ச்சி நாள் விழா. ஆறாம் வகுப்புச் சிறுமி மதிய உணவைப் பற்றிப் பேசினாள். எட்டயபுரத்தில் 1956-ல் தொடங்கியது, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தபோதே மனசு எங்கோ போய்விட்டது.

காமராஜர் யாரிடமும் முதலில் படி, அப்புறம் சாப்பாடு என்று சொல்லவில்லை. பசித்த வயிற்றில் பாடம் ஏறாது, முதலில் சோறு. 2022-ல் காலை உணவுத் திட்டம் வந்தபோதும் அதே நியாயம்தான். வயிறு நிறைவதும் படிப்பின் பகுதிதான் என்று இந்த ஊர் எப்போதோ ஒத்துக்கொண்டுவிட்டது. அப்படியென்றால் பயத்தில் சுருண்ட வயிற்றில் மட்டும் பாடம் ஏறுமா? பசியைப் பார்த்தவர்கள் இதை ஏன் பார்க்க மாட்டேன் என்கிறோம்? பசித்தவனைச் சோம்பேறி என்று யாரும் சொல்வதில்லை. பயந்தவனை மட்டும் நடிக்கிறான் என்கிறோம்.

ஜூலை 17

அவன் பள்ளிக்குப் போய்ப் பேசினோம். தலைமை ஆசிரியை மரியாதையாகத்தான் கேட்டார். வாரத்தில் ஒரு பீரியட் மகிழ்ச்சி வகுப்பு கொண்டுவரப் போகிறார்களாம், டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018-ல் தொடங்கினார்களே அது மாதிரி. டெல்லியில் அது தினமும் நடந்தது, அதற்குத் தேர்வும் கிடையாது என்றேன். நல்ல முயற்சிதான், குறை சொல்லவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை மூச்சுப்பயிற்சி சொல்லிக் கொடுத்துவிட்டு, திங்கள்கிழமை நிற்க வைத்தால்? அந்த வாசிப்பை நிறுத்துங்கள், வேறொன்றும் வேண்டாம் என்றேன்.

"மத்த பேரண்ட்ஸ் கேக்குறாங்களே மேடம், போட்டி இருந்தாத்தானே படிப்பான்னு."

வரும்போது இவர் வண்டியில் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து அவன் தலையில் கைவைத்து, "திங்கக்கிழமை போக வேண்டாம்டா" என்றார்.

ஜூலை 18

ஆச்சி: "பிள்ளையப் போட்டுப் பாடாப்படுத்துனது போதும்."

ஜூலை 19

எங்கள் பள்ளியிலேயே சேர்க்கலாமா என்று கேட்டேன். "நீ டீச்சரா இருக்க ஸ்கூல் வேண்டாம்" என்றான், சிரித்துக்கொண்டே. இரண்டு தெரு தள்ளி இருக்கிற அரசு உதவிபெறும் பள்ளியில் இடம் இருக்கிறது. தானே போய் ஒரு தடவை பார்க்க வேண்டுமாம். பார்த்துவிட்டு வந்து, மைதானத்தில் புல் இல்லை, லைப்ரரி திறந்திருந்தது என்றான். அது நல்லதா கெட்டதா என்று நானும் கேட்கவில்லை.

ஜூலை 21

டிசிக்கு எழுதிக் கொடுத்தோம். காரணம் என்று இருந்த இடத்தில் வீடு மாறுகிறோம் என்று போடச் சொன்னார்கள். நாங்கள் வீடு மாறவில்லை. உண்மையை எழுதினேன். இடம் போதவில்லை, பின்பக்கமும் எழுதினேன். இவர் வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.